அமெரிக்காவுல ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கணுமா? இன்வெஸ்டர் விசாவா, வேலை விசாவா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணான். ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை. வயசு 29. "அண்ணா, ஒரு டவுட். எஃப்டியை உடைச்சா பெனால்ட்டி எவ்ளோ வரும்?"

எதுக்குடான்னு கேட்டேன். விஷயம் வெளிய வந்துச்சு. ஒரு கன்சல்டன்சியில அவன்கிட்ட சொல்லியிருக்காங்க: "அமெரிக்காவுல ஒரு கம்பெனி ஆரம்பிங்க, அதுல 1 லட்சம் டாலர் போடுங்க, இன்வெஸ்டர் விசா கிடைச்சிடும். லாட்டரியும் இல்ல, வெயிட்டிங்கும் இல்ல." இவன்கிட்ட சேமிப்பு 18 லட்சம். மீதிக்கு அப்பா பேர்ல இருக்கிற வீட்டை அடமானம் வெக்கலாம்னு வீட்டுல பேசி முடிச்சுட்டாங்க. மறுநாள் முன்பணம் கட்டணும்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உன் பாஸ்போர்ட் எந்த நாட்டோடது?"

"என்னண்ணா, இந்தியாதான்."

"அப்போ அந்த விசா உனக்குக் கிடையாதுடா."

அந்தக் கன்சல்டன்சி சொன்ன விசா பொய் இல்ல, நிஜமாவே இருக்கு. ஆனா இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்ல. இதை யாரும் அவன்கிட்ட சொல்லல. நம்ம ஆளுங்க நிறைய பேர் இதே இடத்துலதான் காசை விடுறாங்க. அதனால இந்தப் பதிவுல, வெளிநாட்டுக்காரரா அமெரிக்காவுல ஸ்டார்ட்அப் நடத்த என்னென்ன வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ காசு, எங்க மாட்டுவோம்னு ஒண்ணொண்ணா பார்க்கலாம். டாலர் கணக்குக்கு எல்லாம் 1 டாலர் = 90 ரூபாய்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை: கம்பெனி வேற, அனுமதி வேற

அமெரிக்காவுல கம்பெனி ஆரம்பிக்க விசாவே தேவையில்லை. தாம்பரத்துல உங்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே டெலவேர் மாநிலத்துல ஒரு கம்பெனியைப் பதிவு பண்ணலாம். அது உங்க பேர்லயே இருக்கலாம். ஆனா அந்தக் கம்பெனிக்காக அமெரிக்க மண்ணுல உட்கார்ந்து வேலை பார்க்கணும்னா, அதுக்குத் தனியா அனுமதி வேணும். முதலாளியே நீங்கதான்னாலும் இதுதான் சட்டம்.

பி-1 பிசினஸ் விசிட்டர் விசாவுல போய் கஸ்டமரைப் பார்க்கலாம், முதலீட்டாளர்கிட்ட பேசலாம், ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாம், கான்பரன்ஸ்ல கலந்துக்கலாம். அங்கயே தங்கி கம்பெனியைத் தினமும் நடத்த முடியாது.

ஏற்கெனவே எச்-1பியில அங்க இருக்கிறவங்களுக்கும் இதேதான். ஒரு ஸ்டார்ட்அப்ல ஷேர் வெச்சிருக்கலாம். ஆனா ராத்திரி உட்கார்ந்து அதுக்கு கோடு எழுதினா, அனுமதி இல்லாத வேலை. அந்த ஸ்டார்ட்அப்பும் உங்களுக்காகத் தனியா எச்-1பி விண்ணப்பம் போட்டு வாங்கணும்.

இன்னொண்ணு. "சில ஆயிரம் ரூபாய்க்கு அமெரிக்க கம்பெனி"ன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. பதிவு பண்றது சுலபம்தான். ஆனா டெலவேர் கம்பெனிக்கு வியாபாரமே இல்லைன்னாலும் வருஷா வருஷம் ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் கட்டணும். வெளிநாட்டுக்காரர் 25 சதவீதமோ அதுக்கு மேலயோ வெச்சிருக்கிற கம்பெனிக்கும் அந்த ஓனருக்கும் நடுவுல பணப் பரிமாற்றம் இருந்தா, படிவம் 5472 தாக்கல் பண்ணணும். விட்டுட்டா அபராதம் 25,000 டாலர். நம்ம காசுக்கு 22.5 லட்சம்! சும்மா ஆசைக்கு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு மறந்துடாதீங்க.

இ-2: நம்ம பாஸ்போர்ட்டுக்குத் திறக்காத கதவு

என் ஜூனியர்கிட்ட சொன்னது இந்த விசாதான். இ-2 ட்ரீட்டி இன்வெஸ்டர் விசா. இதுல குறைந்தபட்சம் இவ்ளோ போடணும்னு சட்டத்துல தொகை எதுவும் இல்ல. அந்தத் தொழிலுக்குப் போதுமான அளவு பெரிய தொகையா இருக்கணும், அவ்ளோதான். தொழில் நடக்கிற வரைக்கும் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். கேட்க ரொம்ப நல்லா இருக்குல்ல?

ஆனா இது அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்ட நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். இந்தியா அந்தப் பட்டியல்ல இல்ல. இலங்கை இருக்கு. சிங்கப்பூர் இருக்கு. மலேசியா இல்ல. இலங்கைப் பாஸ்போர்ட்டோ சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோ வெச்சிருக்கிற நம்ம வாசகர்கள் தாராளமா இந்த வழியைப் பரிசீலிக்கலாம்.

"கிரெனடா நாட்டுக் குடியுரிமையைக் காசு கொடுத்து வாங்கிட்டு, அதை வெச்சு இ-2 போடலாம்"னு அடுத்த ஐடியா சொல்வாங்க. இதுல மூணு சிக்கல் இருக்கு.

ஒண்ணு: 2022 டிசம்பர்ல அமெரிக்கா சட்டத்தை மாத்திடுச்சு. முதலீடு பண்ணி குடியுரிமை வாங்கினவங்க, அந்த நாட்டுல தொடர்ந்து 3 வருஷமாவது குடியிருந்திருக்கணும்.

ரெண்டு: இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறதில்ல. வேற நாட்டுக் குடியுரிமையை நீங்களா விரும்பி வாங்கின அன்னிக்கே உங்க இந்தியக் குடியுரிமை போயிடும். ஓட்டு போட முடியாது. ஓசிஐ கார்டு வாங்கினாலும் ஊர்ல விவசாய நிலம் வாங்க முடியாது.

மூணு: அப்புறம் க்ரீன் கார்டு கியூ குறைஞ்சிடும்னு நினைச்சா, அதுவும் இல்ல. அந்த கியூ பிறந்த நாட்டை வெச்சுதான் கணக்கு பண்றாங்க, பாஸ்போர்ட்டை வெச்சு இல்ல. மதுரையில பிறந்தவர் எந்தப் பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் இந்தியா கியூலதான் நிக்கணும்.

ஒரே ஒரு நல்ல வழி இருக்கு. உங்க கணவரோ மனைவியோ ஒப்பந்த நாட்டுக் குடிமகன்னா, அவங்க இ-2 வாங்கலாம். அவங்க துணைங்கிற முறையில நீங்க இந்தியப் பாஸ்போர்ட்லயே போகலாம், அங்க வேலையும் பார்க்கலாம். ஆனா தொழில்ல குறைஞ்சது பாதியாவது ஒப்பந்த நாட்டுக்காரர்கிட்ட இருக்கணும்.

இபி-5: கதவு திறந்திருக்கு, விலைதான் 7 கோடி

இந்தியர்களுக்கு நிஜமாவே கிடைக்கிற முதலீட்டு வழி இபி-5. இது விசா மட்டும் இல்ல, நேரா க்ரீன் கார்டுக்கான வழி. 2022 மார்ச்ல வந்த சட்டத்துப்படி முதலீடு 10,50,000 டாலர், அதாவது சுமார் 9.45 கோடி. கிராமப்புறத்துலயோ வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமா இருக்கிற பகுதியிலயோ போட்டா 8,00,000 டாலர், சுமார் 7.2 கோடி. அதோட 10 பேருக்கு முழுநேர வேலை உருவாகணும். கிடைக்கிற முதல் க்ரீன் கார்டும் 2 வருஷத்துக்கு நிபந்தனையோடதான்.

காசு இருக்கிற குடும்பம்னே வெச்சுக்குவோம். அதை இங்கிருந்து அனுப்புறதுதான் பெரிய வேலை. ஆர்பிஐயோட எல்ஆர்எஸ் திட்டத்துல ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். அப்படின்னா ஒருத்தரா 8,00,000 டாலர் அனுப்ப 4 நிதியாண்டு ஆகும். "வீட்டுல நாலு பேர் லிமிட்டையும் சேர்த்துக்கலாம்"னு சொல்வாங்க. முதலீட்டுக்கு அப்படிச் சேர்க்கணும்னா, அந்த நாலு பேரும் அந்த முதலீட்டுல பங்குதாரரா இருக்கணும். வங்கியில கடன் வாங்கி இதுக்கு அனுப்பவும் ஆர்பிஐ அனுமதிக்கிறதில்ல. வீட்டை அடமானம் வெக்கிற ஐடியா இங்கயே அடிபட்டுப் போயிடுது.

அடுத்து டிசிஎஸ். கம்பெனி இல்லைங்க, வரி! ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல முதலீட்டுக்காக அனுப்பினா, மேல போற தொகைக்கு 20 சதவீதம் வங்கியிலயே பிடிச்சுடுவாங்க. 2,50,000 டாலர்னா 2.25 கோடி. 10 லட்சம் போக மீதி 2.15 கோடிக்கு 43 லட்சம். இது கூடுதல் வரி இல்ல, உங்க வருமான வரியில கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்ட் வாங்கலாம். சம்பளக்காரர்னா கம்பெனியில சொல்லி மாசச் சம்பள டிடிஎஸ்ல சரிபண்ணவும் வழி இருக்கு. ஆனா அதுவரைக்கும் 43 லட்சம் முடங்கித்தான் கிடக்கும்.

முக்கியமானது: பெரும்பாலும் இபி-5 பணம் ரீஜனல் சென்டர் வழியா வேற யாரோ கட்டுற ஹோட்டல்லயோ அபார்ட்மென்ட்லயோதான் போகுது. உங்க ஸ்டார்ட்அப்ல இல்ல. சட்டப்படி அந்தப் பணம் நஷ்ட அபாயத்துல இருந்தாகணும். "பணம் திரும்பி வர்றதுக்கு கேரன்டி"ன்னு யாராவது எழுதிக் கொடுத்தா, அந்த முதலீடே தகுதி இழந்துடும்.

அதனால சம்பளத்துல சேமிக்கிற நமக்கு நிஜமான தேர்வு வேலை விசாக்கள்தான். அதுல மூணு இருக்கு.

எச்-1பி: தெரிஞ்ச வழிதான், ஆனா ஃபவுண்டருக்குக் கஷ்டம்

சொந்தக் கம்பெனியே உங்களுக்கு எச்-1பி போடலாமா? போடலாம். 2025 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்த விதி இதைத் தெளிவாவே சொல்லுது. ஆனா கம்பெனியில உங்க கை ஓங்கி இருந்தா, அதாவது 50 சதவீதத்துக்கு மேல பங்கோ ஓட்டுரிமையோ இருந்தா, முதல் அனுமதி 18 மாசத்துக்குத்தான். அடுத்த நீட்டிப்பும் 18 மாசம்தான். வழக்கமா மத்தவங்களுக்குக் கிடைக்கிற 3 வருஷம் கிடையாது.

சிக்கல் எங்கன்னா:

- வருஷத்துக்கு மொத்தம் 85,000 இடம்தான். 65,000 பொதுவா, 20,000 அமெரிக்காவுல முதுநிலை படிச்சவங்களுக்கு. மார்ச்ல பதிவு, தேர்வானா அக்டோபர்ல வேலை. ஸ்டார்ட்அப்புக்கு ஏழு மாசம்ங்கிறது ரொம்ப பெரிய காலம்.
- 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளிய இருக்கிறவங்களுக்காகப் போடுற புது விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணும்னு அதிபர் உத்தரவு வந்துச்சு. 90 லட்சம் ரூபாய்! 12 மாசத்துக்குன்னு அறிவிச்சாங்க, நீட்டிக்கவும் வழி வெச்சிருக்காங்க. அங்கயே படிச்சு முடிச்சு ஸ்டேட்டஸ் மாத்துறவங்களுக்கு இந்தத் தொகை கிடையாது.
- அந்த ஊர்ல அந்த வேலைக்கு அரசு நிர்ணயிச்ச சம்பளத்தைக் கம்பெனி உங்களுக்குக் கட்டாயம் கொடுக்கணும். "முதல் வருஷம் சம்பளமே எடுக்காம கம்பெனியை வளர்க்கிறேன்"ங்கிற ஃபவுண்டர் ஸ்டைல் இங்க செல்லாது. மாசா மாசம் சம்பளச் சீட்டு இருக்கணும்.

சுருக்கமா சொன்னா, இங்க சென்னையில உட்கார்ந்திருக்கிற ஃபவுண்டருக்கு எச்-1பி இப்போ காசு கூட, நிச்சயம் கம்மி.

எல்-1ஏ: இங்க கட்டு, அப்புறம் அங்க போ

இது நம்ம ஊர் ஃபவுண்டர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய வழி. இந்தியாவுல நடக்கிற கம்பெனி, தன்னோட மேனேஜரையோ தலைமை நிர்வாகியையோ அமெரிக்காவுல இருக்கிற தன் கிளைக்கோ துணை நிறுவனத்துக்கோ அனுப்புற விசா. லாட்டரி இல்ல. எண்ணிக்கை வரம்பும் இல்ல. அமெரிக்காவுல புது ஆபீஸ் திறக்கவே உங்களை அனுப்பலாம்.

நிபந்தனை: கடந்த 3 வருஷத்துல தொடர்ந்து 1 வருஷமாவது அந்த இந்திய கம்பெனியில முழுநேரமா, நிர்வாகப் பொறுப்புல இருந்திருக்கணும். நல்லா கவனிங்க. பகல்ல ஐடி வேலை, ராத்திரி ஸ்டார்ட்அப்னு ஓட்டினா அந்த வருஷம் கணக்குல வராது.

புது ஆபீஸ்னா முதல்ல 1 வருஷம்தான் தருவாங்க. ஆபீஸ் இடம் எடுத்திருக்கணும். அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஆள் எடுத்து, வியாபாரம் காட்டி, "இந்த ஆபீஸுக்கு ஒரு நிர்வாகி தேவைதான்"னு நிரூபிக்கணும். அப்படிச் செஞ்சா மொத்தம் 7 வருஷம் வரை போகலாம். துணைக்கும் அங்க வேலை பார்க்கிற உரிமை உண்டு. அதே சமயம் இந்தியக் கம்பெனியும் தொடர்ந்து ஓடிக்கிட்டே இருக்கணும். இங்க ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போனா விசாவும் போச்சு.

இதுல காசு விஷயத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. யாரு மேல, யாரு கீழ? 2022 ஆகஸ்ட்ல வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிப்படி, இந்தியாவுல குடியிருக்கிற தனிநபர், தன் கட்டுப்பாட்டுல இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழ இன்னொரு துணை நிறுவனம் வெச்சிருக்க முடியாது. அதாவது, நீங்க டெலவேர்ல கம்பெனி ஆரம்பிச்சு, அதுக்குக் கீழ சென்னை கம்பெனியைக் கொண்டு வர முடியாது. இந்திய பிரைவேட் லிமிடெட் மேல, அமெரிக்க கம்பெனி கீழ துணை நிறுவனமா இருக்கிறது வேற விஷயம், அதுக்கு வழி இருக்கு. ஆனா அமெரிக்க முதலீட்டாளர்கள் பெரும்பாலும் டெலவேர் கம்பெனி மேல இருக்கணும்னு கேப்பாங்க. இந்த இழுபறியை முதல் நாளே ஃபெமா தெரிஞ்ச ஒரு ஆடிட்டர்கிட்ட உட்கார்ந்து பேசிடுங்க. பின்னாடி மாத்துறது ரொம்ப செலவு.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்லணும்னா ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010ல சென்னையில ஆரம்பிச்சாங்க. இங்கிருந்தே உலகம் முழுக்க வித்தாங்க. அப்புறம் தலைமையகம் கலிபோர்னியா போச்சு, 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு. முதல்ல கஸ்டமர், அப்புறம்தான் விலாசம்.

ஓ-1ஏ: காசு இல்ல, சாதனை வேணும்

அறிவியல், கல்வி, தொழில் துறைகள்ல அசாதாரணத் திறமை இருக்கிறவங்களுக்கு ஓ-1ஏ. "நோபல் பரிசு வாங்கினவங்களுக்குத்தான்"னு நினைச்சு நிறைய பேர் இதைப் பார்க்கிறதே இல்ல. 8 அளவுகோல் இருக்கு, அதுல குறைஞ்சது 3 காட்டணும்: விருது, சாதனையாளர்களுக்கான சங்க உறுப்பினர், பத்திரிகையில உங்களைப் பத்திச் செய்தி, மத்தவங்க வேலையை நடுவரா மதிப்பிட்டது, துறையில முக்கியமான சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரை, பேர் பெற்ற நிறுவனத்துல முக்கியப் பொறுப்பு, அதிகச் சம்பளம். மூணு காட்டினதும் முடிஞ்சுடாது. மொத்தமா பார்த்து அதிகாரி முடிவு பண்ணுவார்.

லாட்டரி இல்ல. எச்-1பி மாதிரி சம்பள நிர்ணயமும் இல்ல. ஒரே தடவையில 3 வருஷம் வரை கிடைக்கும். உங்க பேர்ல நீங்களே போட முடியாது, ஆனா உங்க ஸ்டார்ட்அப் போடலாம். துணைக்கு வேலை பார்க்கிற உரிமை கிடையாதுங்கிறதைக் குடும்பக் கணக்குல மறக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. "5 லட்சம் கொடுங்க, விருதும் பத்திரிகைச் செய்தியும் நாங்க ஏற்பாடு பண்றோம்"னு ஒரு வியாபாரமே நடக்குது. காசு கொடுத்து வாங்கின விருதை வெச்சு விண்ணப்பிச்சா அது நிராகரிப்போட நிக்காது. பொய்த் தகவல் கொடுத்தவர்னு முத்திரை விழுந்தா அமெரிக்கக் கதவு நிரந்தரமாவே மூடலாம்.

இந்த மூணுக்கும் வெளிய, விசாவே இல்லாத ஒரு வழியும் உண்டு: சர்வதேசத் தொழில்முனைவோர் பரோல். உங்க அமெரிக்க ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சு 5 வருஷத்துக்குள்ள இருக்கணும், உங்க பங்கு குறைஞ்சது 10 சதவீதம் இருக்கணும், தகுதியான அமெரிக்க முதலீட்டாளர்கள் 3,11,071 டாலர் போட்டிருக்கணும். 2024 அக்டோபர்ல நிர்ணயிச்ச தொகை இது. உங்க சொந்தக் காசும், அப்பா, அண்ணன் போட்ட காசும் இந்தக் கணக்குல வராது. முதல்ல 30 மாசம், அப்புறம் இன்னொரு 30 மாசம். ஆனா இது அதிகாரியோட விருப்புரிமை. எப்போ வேணா ரத்து பண்ணலாம்.

எதைத் தேர்ந்தெடுக்கிறது? கம்பெனி மூடுற நாள்ல இருந்து யோசிங்க

எல்லாரும் "எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்?"னு கேக்குறாங்க. நான் கேக்கச் சொல்றது வேற: "கம்பெனி ஓடலன்னா அடுத்த நாள் நான் எங்க நிப்பேன்?" ஏன்னா ஸ்டார்ட்அப்ல நிறைய மூடத்தான் செய்யும். அது அவமானம் இல்ல. ஆனா அதுக்குக் கணக்கு போட்டு வெச்சிருக்கணும்.

எச்-1பி, எல்-1, ஓ-1, இ-2 எல்லாத்துலயும் வேலை நின்னா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள வேற ஸ்பான்சரைப் பிடிக்கணும், இல்ல ஸ்டேட்டஸ் மாத்தணும், இல்ல கிளம்பணும். வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் லோன், குழந்தை ஸ்கூல் எல்லாத்தையும் 60 நாள்ல முடிக்கிறதை நினைச்சுப் பாருங்க.

அதனால மூணு கணக்கு:

1. திரும்பி வர்ற காசு. இந்தியாவுல 12 மாச வீட்டுச் செலவு, குடும்பத்தோட திரும்புற டிக்கெட். வீட்டுக்கு மாசம் 60,000 ஆகும்னா 7.2 லட்சமும் டிக்கெட்டும். இது தனி எஃப்டியில இருக்கணும். ஸ்டார்ட்அப் எவ்ளோ அழுதாலும் இதைத் தொடக்கூடாது.
2. அப்பா அம்மா சொத்து. வேலை விசாவுக்கு உங்க சொந்தக் காசு எவ்ளோ போட்டாலும் தகுதி கூடாது. அப்படி இருக்கும்போது எதுக்கு வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு அலையணும்?
3. நேரம். எல்-1ஏவுக்கு 1 முழு வருஷம் சம்பளம் இல்லாமலோ கம்மியாவோ இங்க கம்பெனி நடத்தணும். அந்த 12 மாசத்துக்கான காசைச் சேர்க்கிறதுதான் உங்க முதல் இலக்கு.

வேலையில இருக்கும்போதே இப்போ என்ன பண்ணலாம்?

- உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து மறுபடி படிங்க. வேற வேலை பார்க்கக்கூடாதுங்கிற விதி, நீங்க எழுதுற கோடு யாருக்குச் சொந்தம்ங்கிற விதி, ரெண்டையும் பாருங்க. ஆபீஸ் லேப்டாப்ல ஸ்டார்ட்அப் கோடு எழுதவே எழுதாதீங்க.
- லிஸ்ட் ஆகாத வெளிநாட்டுக் கம்பெனியில ஒரு ஷேர் வாங்கினாலும் அது நேரடி வெளிநாட்டு முதலீடுதான். காசு அனுப்புறதுக்கு முன்னாடி வங்கி வழியா ஃபார்ம் எஃப்சி கொடுக்கணும். கிரெடிட் கார்டைத் தேய்ச்சுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.
- வெளிநாட்டுல ஷேரோ வங்கிக் கணக்கோ இருந்தா ஐடிஆர்-1 போடக்கூடாது. ஷெட்யூல் எஃப்ஏ இருக்கிற படிவத்துலதான் போடணும். மறைச்சா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் வரை அபராதம் வரலாம்.
- ஓ-1ஏ எண்ணம் இருந்தா நிஜமான சான்றுகளை இப்பவே சேருங்க. நடுவரா போன நிகழ்ச்சி, காப்புரிமை, நீங்க பேசின கான்பரன்ஸ், எல்லாத்துக்கும் கடிதம் வாங்கி ஒரு ஃபோல்டர்ல போடுங்க.
- கன்சல்டன்சிக்குக் கட்டுறதுக்கு முன்னாடி, அமெரிக்காவுல உரிமம் உள்ள குடியேற்ற வழக்கறிஞர்கிட்ட ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்க. அவர் பேரை அந்த மாநில பார் கவுன்சில் தளத்துல நீங்களே தேடிப் பார்க்கலாம். "100 சதவீதம் விசா கேரன்டி"ன்னு எந்த வழக்கறிஞரும் சொல்ல மாட்டார். சொன்னா எழுந்து வந்துடுங்க.

இந்தக் கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுது. விண்ணப்பிக்கிற வாரத்துல அமெரிக்கக் குடியேற்றத் துறையோட அதிகாரபூர்வ தளத்துல ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

ஜூனியர் என்ன ஆனான்?

அன்னிக்கு மத்தியானம் ஒரு பேப்பர்ல ரெண்டு பேரும் கணக்கு போட்டோம். கன்சல்டன்சிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னேன்: "இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-2 கிடைக்கும்னு உங்க லெட்டர்ஹெட்ல எழுதித் தருவீங்களா?" திங்கள்கிழமை கேட்டான். "முதல்ல கிரெனடா புராசஸ் ஆரம்பிச்சுடலாம் சார்"னு பதில் வந்துச்சு. அவன் முன்பணம் கட்டல.

எஃப்டி அப்படியே இருக்கு. வீட்டுப் பத்திரம் பீரோவுலயே இருக்கு. இப்போ அவன் மாசம் 40,000 தனியா எடுத்து வெக்கிறான். 12 மாசச் செலவு சேர்ந்ததும் வேலையை விட்டுட்டு இங்கயே பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கிறதா பிளான். போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, அப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை எக்ஸ்ட்ரா சாப்பிட்டார்"ன்னான்.

உங்க நிலைமை என்ன? இந்தியாவுல இருக்கீங்களா, ஏற்கெனவே எச்-1பியில இருக்கீங்களா, இலங்கையோ சிங்கப்பூர் பாஸ்போர்ட்டா? கமெண்ட்ல எழுதுங்க. எல்ஆர்எஸ், டிசிஎஸ் கணக்கை எக்செல் ஷீட்ல போட்டுக் காட்டுற வீடியோ அடுத்து நம்ம சேனல்ல வருது. யாராவது உங்க ஃபிரெண்ட் இந்த மாதிரி முன்பணம் கட்டப் போறார்னா, கட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிடுங்க.